மானுக்கு ஜாமீன்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையடிவாரத்தைப் பார்த்தபடி இருக்கிற ஊர் மம்சாபுரம். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றுக்காகப் போயிருந்தேன். சாயங்காலம் டீ குடிக்க வெளியே வந்தால் மேடை, டியூப் லைட், கரகர ஸ்பீக்கர். மத நல்லிணக்கக் கூட்டம். மூன்று மதத்துப் பெரியவர்களும் கைகோத்து நிற்க, போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள். பேச்சாளர் மைக்கைப் பிடித்தார்.

நன்றாகத்தான் பேசினார். 1219-ஆம் வருஷம் எகிப்தில் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அசிசி நகரத்து பிரான்சிஸ் என்ற ஏழைத் துறவி கையில் ஆயுதமில்லாமல் எதிரி முகாமுக்குள் நடந்துபோய் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்த கதையைச் சொன்னார். சுல்தான் அவரைக் கொல்லவில்லை. உட்காரவைத்துப் பேசி, பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். அடுத்த வரியில்தான் சிக்கல். "அது ஐரோப்பாக்காரன் சண்டை! நம் தமிழ் மண்ணில் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் அன்று முதல் இன்று வரை அண்ணன் தம்பியாகத்தான் வாழ்ந்திருக்கிறார்கள்!"

பக்கத்தில் பெஞ்சில் இருந்த பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணன் தம்பின்னா வரப்புத் தகராறு இருந்திருக்கணுமே தம்பி?"

இருந்திருக்கிறது, அய்யா. வரப்பு இல்லை, கடல்.

முத்துக் குளித்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி, காயல்பட்டினம், வேம்பார் கடற்கரை. 1530-களில் முத்து யாருக்கு, படகு யாருக்கு, வரி யாருக்கு என்று பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் கைகலப்பு முற்றியது. பரதவர்களின் பிரதிநிதிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். விலை, ஞானஸ்நானம். கொஞ்ச வருஷத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் கத்தோலிக்கர் ஆனார்கள். பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தது 1542-இல். அதாவது, மதம் மாறிய பிறகுதான் ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆள் வந்தார்! நடுவில் 1538-இல் மண்டபம் பக்கத்து வேதாளையில் போர்த்துக்கீசியருக்கும் மரைக்காயர் படைக்கும் பெரிய சண்டையே நடந்தது. தமிழ்நாட்டில் கத்தோலிக்க சபை பெரிய அளவில் வேர்விட்டதே ஒரு கத்தோலிக்க-முஸ்லிம் தகராறில்தான். இதை மேடையில் சொல்லமாட்டார்கள். சொன்னால் போட்டோ கெட்டுவிடும்.

நான் பி.காம். படித்தவன். வரவை மட்டும் எழுதி, பற்றை மறைத்த கணக்கைப் பார்த்தால் கை அரிக்கும். அதனால்தான் இந்த வாரம் இந்தப் பஞ்சாயத்து. நல்லிணக்கம் இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தது. ஆனால் நாம் தேடுகிற இடத்தில் இல்லை.

நாம் எங்கே தேடுகிறோம்? அரண்மனையில். சுல்தானும் சாமியாரும், நவாபும் பாதிரியாரும். நமக்கு இந்த ஜோடிதான் பிடிக்கும். அந்தப் பேச்சாளரும் அடுத்து வீரமாமுனிவருக்கும் சந்தா சாகிபுக்கும் தாவினார். தெரிந்த கதைதான். இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார், அதாவது நம் வீரமாமுனிவர், திருச்சியில் நவாப் சந்தா சாகிபைப் பார்க்க அவருடைய மொழியைச் சில மாதத்தில் கற்றுக்கொண்டு போனாராம். நவாப் அசந்துபோய் 'இஸ்மத் சந்நியாசி' என்று பட்டம் கொடுத்தாராம், பல்லக்குக் கொடுத்தாராம், திவானாகவே வைத்துக்கொண்டாராம்.

எத்தனை 'ராம்' பார்த்தீர்களா? இந்தக் கதைக்கு ஊற்றுக்கண், முத்துசாமிப் பிள்ளை 1820-களில் எழுதிய வீரமாமுனிவர் வரலாறு. முனிவர் இறந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, செவிவழிச் செய்திகளைத் தொகுத்து எழுதியது. திவான் வேலை பார்த்தார் என்பதைப் பின்னால் வந்த ஆராய்ச்சிக்காரர்கள் பலர் ஏற்கவில்லை. அது போகட்டும். என் கேள்வி வேறு. சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். சந்தா சாகிப் யார்? மதுரை நாயக்கர் வம்சத்தின் கடைசி அரசி மீனாட்சிக்குப் பாதுகாப்புத் தருவதாகச் சத்தியம் செய்துவிட்டு, 1736 வாக்கில் திருச்சிக் கோட்டையைப் பிடுங்கிக்கொண்டவர் என்று சரித்திரம் சொல்லும் ஆள். அந்த அம்மா உயிரை மாய்த்துக்கொண்டார். கோட்டையைப் பிடித்தவரோடு ஒரு பாதிரியார் சுமுகமாக இருந்தார் என்றால் அது சாமர்த்தியம். தன் சபை மக்களைக் காப்பாற்றுகிற பொறுப்பு என்றும் சொல்லலாம், தப்பே இல்லை. ஆனால் அதற்கு நட்பு, சகிப்புத்தன்மை என்று பெயர் வைத்தால் கொஞ்சம் இடிக்கிறதே.

ராஜாக்களின் சகிப்புத்தன்மை எந்த அளவுக்குத் தாங்கும் என்று பார்க்க ராமநாதபுரம் போனால் போதும். கிழவன் சேதுபதி. கீழக்கரை முஸ்லிம் வணிகர் சீதக்காதி இவருக்கு நெருக்கமானவர். செத்தும் கொடுத்தவர் என்று பெயர் வாங்கினாரே, அதே சீதக்காதி. மன்னரும் மரைக்காயரும் நட்புக்கு இலக்கணம் என்று எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. அதே கிழவன் சேதுபதி ஆட்சியில்தான் 1693 பிப்ரவரியில் ஓரியூரில் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியாரின் தலை வெட்டப்பட்டது. அரச குடும்பத்துப் பெண்ணை மணந்திருந்த தடியத்தேவர் கிறிஸ்தவராகி, ஒரு மனைவி தவிர மற்றவர்களை விலக்கிவைத்த விவகாரம். ஒரே ராஜா. ஒரு கையில் முஸ்லிம் நண்பர், இன்னொரு கையில் கத்தோலிக்கப் பாதிரியாருக்கு மரண தண்டனை. ராஜா தயவு மழை மாதிரி, சார். பெய்தால் உண்டு.

ஆகவே, அரண்மனையை விடுங்கள். புத்தகத்துக்கு வாருங்கள்.

இரண்டு புத்தகம். ஒன்று, உமறுப் புலவரின் சீறாப்புராணம். நபிகள் நாயகத்தின் வாழ்க்கை. 5,027 பாட்டு. இன்னொன்று, வீரமாமுனிவரின் தேம்பாவணி. இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் வாழ்க்கை. 3,615 பாட்டு, 1726-இல் முடிந்தது. உமறு 1703-இல் காலமானார் என்பார்கள். வீரமாமுனிவர் கோவாவில் கால் வைத்தது 1710-இல். ஏழு வருஷத்தில் தவறிவிட்ட சந்திப்பு. இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை, கைகோக்கவில்லை, போட்டோ இல்லை.

ஆனால் இடத்தைப் பாருங்கள். உமறு எட்டயபுரம் அரண்மனையில் புலவர். கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம். கோவில்பட்டிக்கு இந்தப் பக்கம் காமநாயக்கன்பட்டி. அங்கேதான் வீரமாமுனிவர் ஆரம்ப காலத்தில் பாதிரியாராக இருந்தார். அந்தக் கோயிலுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்று எட்டயபுரத்து அரசர் காலத்துக் கல்வெட்டு உண்டு. இந்த இரண்டு ஊரும் மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரம். ஒரே கரிசல். ஒரே வெயில்.

வாத்தியாரையும் பாருங்கள். உமறுவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் எட்டயபுரத்து அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவர். வீரமாமுனிவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது வழிவழியாக வரும் செய்தி. இவர் 'கூளப்பநாயக்கன் விறலிவிடு தூது' எழுதியவர். அந்த நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு பாதிரியாருக்கு இதைவிட வில்லங்கமான வாத்தியார் கிடைத்திருக்கமுடியாது! முஸ்லிம் பையனும் இத்தாலிப் பாதிரியும் இந்துப் புலவர்களிடம் யாப்பு படித்திருக்கிறார்கள். யாரும் அதை நல்லிணக்கம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. டியூஷன், அவ்வளவுதான்.

டியூஷன் ஆளை எவ்வளவு மாற்றிவிடும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. சீறாப்புராணம் எழுத, நபிகளின் வரலாறு அரபியிலிருந்து வேண்டும். சீதக்காதி சொல்லி உமறு, கீழக்கரையின் பெரிய மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பாவிடம் போனார். உடையையும் கோலத்தையும் பார்த்து அப்பா முதலில் தயங்கினாராம். முஸ்லிம் ஆலிமின் முன்னால் அச்சு அசல் ஒரு சமஸ்தானத்துப் புலவர் வந்து நின்றால்? வீரமாமுனிவர் என்ன செய்தார்? காவி அங்கி, புலித்தோல் ஆசனம் என்று சந்நியாசிக் கோலத்தில் ஊர் சுற்றினார். ஆக, இரண்டு பேருமே தங்கள் மதத்துக்காரர்களுக்கு லேசாகச் சந்தேகம் வருகிற மாதிரிதான் இருந்திருக்கிறார்கள்.

இப்போது கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். இருவருமே கம்பனிடம் பெரிய கடன்காரர்கள். கம்பர் மாதிரியே நாட்டுப் படலம். கம்பர் மாதிரியே வர்ணனை. உமறுவின் அரபு நாட்டில் மழை கொட்டுகிறது, வெள்ளம் வருகிறது, உழவு நடக்கிறது. வீரமாமுனிவரின் யூதேயாவிலும் அதே நீர்வளம், நிலவளம். புவியியல் வாத்தியார் பார்த்தால் இரண்டு பேருக்கும் முட்டைதான் போடுவார். எனக்கென்னவோ, காவிரி நாட்டுக் கவிஞனிடம் கரிசல்காட்டுக்காரர்கள் இரண்டு பேர் தண்ணீரைக் கடன் வாங்கி மெக்காவுக்கும் பெத்லகேமுக்கும் வாய்க்கால் வெட்டிய மாதிரி இருக்கிறது.

இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குகிற விமர்சகர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். புனிதமான ஒரு தேசத்தைத் தன் ஊர் வயலாக எழுதத் துணிவதற்கு ஒரு நிம்மதி வேண்டும். 'நான் இந்த ஊர்க்காரன்தான், யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை' என்கிற நிம்மதி. உமறுவுக்கு அது பிறப்பால் இருந்தது. வீரமாமுனிவர் உழைத்துச் சம்பாதித்தார். ஜோசப்புக்கு 'வளன்' என்று பெயர் வைத்தார். ஞானஸ்நான அருளப்பரான ஜானுக்கு 'கருணையன்'. இன்றைக்கு யாராவது குழந்தைக்குக் கருணையன் என்று பெயர் வைத்தால் எந்த மதம் என்று ஸ்கூல் ஃபாரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

சரி, கம்பனிடம் வாங்கியதை வைத்து என்ன வியாபாரம் செய்தார்கள்? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. மானுக்குப் பிணை நின்ற படலம்.

வேடன் ஒருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டிப்போட்டிருக்கிறான். குட்டிக்குப் பால் கொடுக்கவேண்டும், கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன் என்று மான் நபிகளிடம் முறையிடுகிறது. நபிகள் வேடனிடம் சொல்கிறார்: அவிழ்த்துவிடு, அது வராவிட்டால் நான் பொறுப்பு. வேடனுக்குச் சிரிப்பு வராதா? காட்டுக்குள் போன மான் திரும்பி வருமா? பி.காம். இரண்டாம் வருஷத்தில் 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 126 என்று மனப்பாடம் செய்தது ஞாபகம் வருகிறது. உத்தரவாத ஒப்பந்தம். மூன்று பேர் வேண்டும்: கடன் கொடுத்தவர், கடனாளி, ஜாமீன்தாரர். இங்கே கடனாளி ஒரு மான். சொத்து கிடையாது, விலாசம் கிடையாது. எந்த பேங்க் மேனேஜரும் கையெழுத்துப் போடமாட்டார். நபிகள் போடுகிறார். மான் போய், குட்டிக்குப் பால் கொடுத்து, குட்டியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறி இஸ்லாத்தில் சேர்கிறான்.

தன் மதத்தின் பெருமையைச் சொல்லத்தான் உமறு இதைப் பாடினார், சந்தேகமில்லை. ஆனால் மேடையில் வாதாடவில்லை. 'என் ஆள் எப்படிப்பட்டவர் தெரியுமா, ஒரு மானை நம்பினார்' என்கிறார்.

இதற்குப் பக்கத்தில் தேம்பாவணியில் கருணையன் படும் துக்கத்தை வையுங்கள். தாய் எலிசபெத் காட்டில் இறந்துபோகிறார். சின்னப் பையன் கருணையன் தனியாக அடக்கம் செய்துவிட்டு அழுகிறான். வாழத் தெரியாது, காட்டில் எது சாப்பிடுவது என்று தெரியாது, வழி தெரியாது. மழை காணாத பயிர்போல வாடுகிறான். பூவும் பறவையும் மரமும் சேர்ந்து அழுகின்றன. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள். மார்க் எடுப்பதற்காகப் படித்த பிள்ளைகள் ஒரு தடவை சும்மா படித்துப்பார்க்கவேண்டும். அங்கே தாயில்லாத பிள்ளை, இங்கே தாயைப் பிரிந்த குட்டி. இரண்டு மதத்துக் கவிகளும் தங்கள் திறமை முழுவதையும் கொட்டியது காட்டில் தவிக்கிற ஒரு உயிர் மேல்தான்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இரண்டுமே அகதிகளின் காவியம். சீறாவின் மூன்றாவது காண்டத்தின் பெயரே ஹிஜ்ரத்துக் காண்டம். உயிருக்கு ஆபத்து என்று மக்காவை விட்டு மதீனாவுக்குப் போகிற கதை. தேம்பாவணியில் வளனும் மரியாளும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏரோது மன்னனுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடுகிறார்கள்.

சீறாவில் இதற்கு முன்னாலேயே ஒரு ஓட்டம் இருக்கிறது. அதைத்தான் அந்தப் பேச்சாளர் சொல்லியிருக்கவேண்டும். இரண்டாவது காண்டத்தில், ஈமான் கொண்டவர்கள் சிலர் மக்கா கொடுமை தாங்காமல் ஹபஷா நாட்டுக்கு, அதாவது அபிசீனியாவுக்குப் போகிறார்கள். கி.பி. 615 வாக்கில். அங்கே அரசர் நஜ்ஜாஷி. கிறிஸ்தவர். (கத்தோலிக்கர் இல்லை, கீழைத் திருச்சபை. கணக்கு சரியாக இருக்கட்டும்.) மக்காக்காரர்கள் பரிசுப்பொருளோடு ஆள் அனுப்பி, 'எங்கள் ஆட்களைத் திருப்பிக் கொடுங்கள்' என்கிறார்கள். அரசர் அகதிகளைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். அவர்கள் குர்ஆனிலிருந்து மர்யம் அத்தியாயத்தை ஓதுகிறார்கள். மர்யம் என்றால் மரியாள்தான். கேட்ட அரசர் கண்கலங்கி, ஆட்களைத் தரமுடியாது என்று சொல்லிப் பரிசுப்பொருளையும் திருப்பி அனுப்புகிறார். இஸ்லாமிய மரபு போற்றிவைத்திருக்கிற வரலாறு இது.

இதை எங்கே உட்கார்ந்து ஒரு முஸ்லிம் கவிஞர் தமிழில் காவியமாக எழுதினார் என்று யோசியுங்கள். நூற்றைம்பது வருஷம் முன்னால் கிறிஸ்தவர் கப்பலும் மரைக்காயர் கப்பலும் மோதிக்கொண்ட கடற்கரைக்குப் பக்கத்தில். அந்தச் சண்டையின் நினைவு அவருக்கு ஆதரவு கொடுத்த குடும்பங்களிலேயே இருந்திருக்கும். கிறிஸ்தவ அரசன் அடைக்கலம் கொடுத்த கதையைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கலாம். அதற்குத் தனிப் படலமே இருக்கிறது.

பதிலுக்கு வீரமாமுனிவர் கணக்கில் என்ன இருக்கிறது? நேர்மையாகப் பார்த்தால், கொஞ்சம் குறைவுதான். அவர் மதபோதகர். மற்ற வழிபாடுகளை விட்டுக்கொடுத்துப் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அவருடைய வசவில் பெரும்பங்கு யாருக்குப் போனது தெரியுமா? தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் பாதிரிமார்களுக்கு! அவர்களைச் சாடுவதற்கென்றே தனி நூல்கள் எழுதினார். பங்காளிச் சண்டைக்கு முன்னால் மற்ற சண்டையெல்லாம் சண்டையா என்ன?

அதனால் இவரை நல்லிணக்கச் சின்னமாக்கி மாலை போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல கவிஞராக்கிப் படிப்பதில் இருக்கிறது. அதுதான் நடக்கவில்லை என்பது என் குறை. நம் பாடத்திட்டங்களைப் பாருங்கள். 'இஸ்லாமிய இலக்கியம்' ஒரு அலகு. 'கிறித்தவ இலக்கியம்' இன்னொரு அலகு. சீறாவை முஸ்லிம் நண்பர்களுக்கும் தேம்பாவணியைக் கிறிஸ்தவ நண்பர்களுக்கும் எழுதிக்கொடுத்துவிட்டு, கம்பனை நாம் வைத்துக்கொண்டோம். பாகப்பிரிவினை! இரண்டு கவிஞர்களும் ஒரே திண்ணையில் படித்தவர்கள். அவர்களுடைய வாசகர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்தது நாம்.

மம்சாபுரத்துப் பக்கத்திலேயே இதற்கு மாற்று சாட்சி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கித் தாலாட்டினார். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகைக்கு அதுதான் முன்னோடி என்பார்கள். அந்தத் தொட்டிலில் பின்னால் யார் யாரெல்லாம் படுத்தார்கள்? மீனாட்சியம்மன், முருகன், பிறகு நபிகள் நாயகம், இயேசு. நபிகள் மேல் செய்யிது அனபிய்யா புலவர் பாடிய பிள்ளைத்தமிழ் 1833-இல் வந்தது. வில்லிபுத்தூரில் செய்த தொட்டிலை இரவல் வாங்கிப்போனவர்கள் யாரும் ரசீது கேட்கவில்லை, கொடுக்கவில்லை.

சரி, படிக்கலாம் என்று தோன்றுகிறவர்களுக்கு: இரண்டுக்குமே உரையோடு பதிப்புகள் உண்டு. முதல் பாட்டிலிருந்து தொடங்காதீர்கள், நாட்டு வர்ணனையிலேயே மூச்சு வாங்கிவிடும். சீறாவில் மான் படலத்தையும் ஹபஷா படலத்தையும் முதலில் எடுங்கள். தேம்பாவணியில் கருணையன் அழுகிற இடத்தை. உரையை மூடிவிட்டுப் பாட்டை மட்டும் சத்தமாக ஒரு தடவை. சில சொல் புரியாது. எனக்கும் புரியவில்லை. மான் திரும்பி வருமா வராதா என்று வேடன் காத்துக்கொண்டிருக்கிற இடத்தில் மட்டும் அகராதியைத் தேடாதீர்கள்.